சந்தனத்துக்குக் கீழே இருபத்தைந்து எழுத்துகள்

கிண்ணியா முத்தலிப்பின் மகள் நப்லா பதினொரு வருடமாகக் கணினி திருத்துகிறாள். திருகோணமலை நகரத்தில் அவளுக்குக் கடை இல்லை. தோள்பையுடன் பஸ்ஸில் வந்து, கூப்பிட்ட இடத்துக்குப் போவாள். தொடக்கத்தில், "திருத்துற நானா பின்னால வாறாரோ?" என்று ஆண் ஒருவரை எதிர்பார்த்துக் கேட்டவர்கள் உண்டு. "அவர் வரமாட்டார். கொம்பியூட்டர் எங்க இருக்கு?" என்பாள்.

ஒருவரைத் திறமைசாலி என்று சொல்ல எனக்கு நாளெடுக்கும். வேகமும் துணிச்சலும் பல நேரம் திறமையின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வருகின்றன. நப்லாவைப் பற்றி நான் முடிவுக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை, ஓர்ஸ் ஹில்லில் சீதேவியின் டைப்பிங் கடையில். மனு ஒன்று அடிக்கப் போய், கதிரையில் காத்திருந்தேன்.

உப்புக்காற்றில் சீதேவியின் கணினிக்குள் இருந்த மதர்போர்ட் துருப்பிடித்துப் போயிருந்தது. நப்லா புதுப் போர்ட் போட்டு, விண்டோஸையும் புதிதாக ஏற்றியிருந்தாள். அதன்பிறகுதான் தொல்லை. கார்பன் வைத்த மூன்று தாளிலும் ஒரே தடவையில் அடிக்கும் பழைய பிரிண்டரைக் கணினி அடையாளம் காணவில்லை. விண்டோஸோ உரிமக் கீயைக் கேட்டபடி நின்றது.

நான்கு மணிக்கு மீனவர் சங்கச் செயலாளர் யோகராசா வரவிருந்தார். மூன்றாம் தாளிலும் எழுத்து தெளிவாக விழ வேண்டும், கணினியில் கள்ள மென்பொருள் இருக்கக் கூடாது. இரண்டும் சரியானால் சங்கத்தின் ஒரு வருடப் படிவ வேலை சீதேவிக்கு. இல்லையென்றால் வேறு கடைக்கு. அப்போது இரண்டரை மணி.

நப்லா பொதுவான டிரைவர் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். ஆங்கிலம் விழுந்தது, தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாக வந்தன.

"என்ர பேரையே கேள்வி கேக்குது, பாத்தியளோ," என்றார் சீதேவி.

நப்லா சிரிக்கவில்லை. அதே கம்பனியின் பழைய பிரிண்டர்களின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாகப் போட்டு, அடித்து, கழற்றினாள். எது சரிவரவில்லை, ஏன் என்று ஒரு கொப்பியில் குறித்தாள். ஏழாவது டிரைவரில் தமிழ் தமிழாக வந்தது.

"இனிக் கீ. கொம்பியூட்டர் பெட்டியில கீயோட ஒட்டியிருந்த ஸ்டிக்கர் எங்க அக்கா?"

"அதிலதான் இருந்தது."

இருந்தது. ஆனால் ஒவ்வொரு விஜயதசமிக்கும் சீதேவி அந்த வெள்ளைச் சதுரத்தின் மேல்தான் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். பொட்டு அங்கேதான் எடுப்பாகத் தெரியுமாம். ஆறு வருடச் சந்தனம் ஓடுபோல இறுகியிருந்தது.

"கீ இல்லாம ஓடுற கள்ளக் கிராக் ஒண்டைப் போட்டு விடுமன் தங்கச்சி. எல்லாக் கடையிலும் அதுதானே."

"அது என்னால ஏலாது அக்கா. நான் இல்லாத நேரம் யாரும் பாத்தா, நீங்கதான் கள்ளி." சற்றுத் தயங்கினாள். "இதத் துடைக்கலாமா? சாமிக்கு வச்சதெல்லோ."

"ஓம், துடை. சாமிக்கும் தொழில் நடக்கவேணும்."

ஈரப் பஞ்சால் மெல்ல ஒற்றினாள். தேய்த்தால் மையும் போய்விடும். அரை மணி நேரம் அந்தக் கை அவசரப்படவில்லை. இருபத்தைந்து எழுத்துகளில் இருபத்துநான்கு வெளியே வந்தன. ஒன்றில் வட்டமான வளைவு மட்டும் மிஞ்சியிருந்தது.

"அது இங்கிலீஷ் ஓ தானே?" என்றேன்.

"இல்ல சேர், கீயில ஓ வராது, பூச்சியமும் வராது. டியோ, ஜீயோ, கியூவோதான்."

டி போட்டாள், மறுத்தது. ஜீ, மறுத்தது. கியூ போட்டதும் சிறு சக்கரம் சுழன்று நின்றது. விண்டோஸ் செயற்படுத்தப்பட்டது என்று திரை சொன்னது. சீதேவி கையைத் தட்டினார். நப்லா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பிளேன்டீ ஒண்டு தாங்க அக்கா," என்றாள்.

நான்கு மணிக்கு யோகராசா வந்தார். உரிமப் பக்கத்தைத் தானே திறந்து பார்த்தார். பிறகு தான் கொண்டுவந்த மாதிரிப் படிவத்தை நீட்டினார்.

"இத அடியுங்கோ."

அதில் கடைசி வரி, கடையின் கணினியைப் பராமரிப்பவர் யார் என்பது. சீதேவி யோசிக்காமல் பெயரைத் தட்டினார். பிரிண்டர் கரகரத்து முடிந்ததும் யோகராசா முதலிரண்டு தாளைத் தள்ளிவிட்டு, மூன்றாவதை வெளிச்சத்தில் பிடித்தார்.

"நப்லா முத்தலிப்," என்று வாசித்தார். "ஆர் இவர்?"

"நான்தான்," என்றாள் நப்லா, கோப்பையைக் கீழே வைத்து.

அவர் அவளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். "வடிவா விழுந்திருக்கு. திங்கக்கிழமை நானூறு படிவம் கொண்டாறன்."

நன்றாகச் செய்தாள். இதை எழுதுமுன் பல நாள் யோசித்தேன். அந்தச் சொல்லில் குறைக்க ஒன்றும் கிடைக்கவில்லை.