லேப்டாப் தானாக விழித்த வீடு

வளைகாப்பு முடிந்து, காமயகவுண்டன்பட்டியில் இருந்த அம்மா வீட்டுக்கு வந்தபோது ஆபீஸும் என்னோடு வந்தது. ஒரு லேப்டாப், அதில் சொருகிய வயர்லெஸ் கார்டு, சிக்னல் தர ஒரு குட்டிப் பெட்டி. கார்டை இயக்கும் புது மென்பொருளான டிரைவரோடு அது ஒத்துப்போகிறதா என்று சோதிப்பதுதான் என் வேலை. கையே வைக்க வேண்டாம். லேப்டாப் தானாகத் தூங்கும், தானாக விழிக்கும். விழித்ததும் கார்டு பெட்டியின் சிக்னலைப் பிடித்தால் பாஸ். திரும்பத் திரும்ப இதேதான்.

என் முதல் பிள்ளை வயிற்றிலேயே அடங்கிப்போனது. அதிலிருந்து எதைக் கண்டாலும் பயம். போன் அடித்தால் பயம், வயிறு அசையாமல் இருந்தால் அதைவிடப் பயம்.

பெங்களூரிலிருந்து மேலாளர் பேசினார். திங்கட்கிழமை முடிவு வராவிட்டால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவாராம். பிரசவத்துக்குப் பிறகு வரவே வேண்டாம் என்பதைத்தான் அத்தனை மரியாதையாகச் சொன்னார்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு. ஃபெயில், ஃபெயில், ஃபெயில். லேப்டாப் ஒழுங்காக விழித்திருக்கிறது, கார்டுக்குத்தான் சிக்னல் அகப்படவில்லை. கார்டைக் கழற்றி மாட்டினேன், டிரைவரை மறுபடி ஏற்றினேன். அதே சிவப்பு. வேலை போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

கடைசியில் பெட்டியைப் பார்க்க அடுத்த அறைக்குப் போனேன். அதை முழுக்க மூடியபடி தாளிக்கிற இரும்புச் சட்டி கவிழ்ந்து கிடந்தது.

"யாரும்மா இதைக் கவுத்துனது?"

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "நாந்தான் ஆத்தா. பொட்டியில இருந்து காத்துல வந்து தொடுதுன்னு நீதான சொன்ன? ஆளே இல்லாம அது தன்னால முழிக்குது. நீ அங்கன அசந்து தூங்குற. ஒன்னையத் தொட்டுச்சுன்னா? புள்ளத்தாச்சி இருக்குற வீட்டுல இரும்பு காவலுக்கு இருக்கணும்னு பெரியவுக சொன்னாக."

"என் வேலை போயிரும்மா!" என்று கத்தினேன்.

"போகட்டும். போன தடவ நான் ஒண்ணுமே செய்யாம இருந்துட்டேன்."

சிக்னலை மறித்த சட்டியை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் திரையில் பச்சை வந்தது. எனக்கோ நிம்மதி வரவில்லை. தூங்கி எழுந்ததிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சட்டியை அடுப்படிக்குக் கொண்டுபோகவில்லை. என் கட்டிலுக்கு அடியில் கவிழ்த்துவிட்டு, வயிற்றில் கையை வைத்துப் படுத்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து லேசாக ஓர் உதை விழுந்தது.

பிரசவம் ஆகும்வரை அம்மா வேறு சட்டியில்தான் தாளித்தாள்.