மிளகு வாசம் வந்த மத்தியானம்

காய்ச்சல் விட்டுப் பத்து மாதமாகியும் எனக்கு வாசம் திரும்பவில்லை. பாடசாலையில் படிப்பித்துவிட்டு வரும்போது கறுவாப்பட்டையும் கிராம்பும் மூட்டை மூட்டையாக வைத்திருக்கும் மாத்தளைக் கடைகளைக் கண்ணாடிக்குப் பின்னால் நடப்பவள் போலக் கடந்து வருவேன். சோறு வெறும் சூடு, கறி வெறும் உறைப்பு. கணவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

அந்த நாட்களில்தான் தம்பி லீவில் வந்தான். பிரான்சின் தெற்கே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவிலுள்ள ஓர் உணவகத்தில் அவன் சமையல்காரன். சட்டைகளுக்குள் சுற்றி ஒரு சிவப்பு வைன் போத்தல் கொண்டுவந்திருந்தான். குடிப்பழக்கம் இல்லாத என் கணவர் அதை மருந்துப் போத்தலைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூணு வகைத் திராட்சையக் கலந்து செய்றாங்க அத்தான். அதுல சிரான்னு ஒன்னு, மிளகு வாசம் அடிக்கும்."

"மிளகு போடுறாங்களா?"

"இல்லங்க, அது தானா வர்றது."

ஞாயிற்றுக்கிழமை அவனே சமைத்தான். மிளகாய்த்தூளை எடுத்த என் கையைத் தடுத்தான். "வேணாங்க்கா. உறைப்பு கூடினா வைன் கசந்து போகும்." தேங்காய்ப்பாலும் ஊற்றவில்லை. எங்கள் வேலியில் படர்ந்த மிளகை இடித்து, பூண்டோடு ஆட்டிறைச்சியைப் பிரட்டினான். பக்கத்து ஊரான நாவுலவில் விளைந்த கத்தரிக்காயை நெருப்பில் சுட்டு மசித்தான். நம் ஊர்ச் சூட்டுக்காகப் போத்தலைச் சற்றுநேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தான். தக்கையைத் திறக்கக் கருவி இல்லை. கணவர் ஓர் ஆணியைத் திருகி, குறட்டால் இழுத்தார். பாதித் தக்கைதான் வந்தது. மீதியை உள்ளே தள்ளிவிட்டோம்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. முதல் மிடறில் புளிப்பும் துவர்ப்பும் தவிர எதுவுமில்லை. இறைச்சியை மென்றபடி இன்னொரு மிடறு குடித்தேன். தூரத்து அறையில் யாரோ மெல்லக் கதவைத் திறந்தது போலிருந்தது. அசையாமல் இருந்தேன், அசைந்தால் போய்விடும் என்று.

"என்னக்கா, புடிக்கலையா?"

"மிளகு வாசம் வருதுடா" என்றேன்.

கணவர் எழுந்து போய் அடுக்களை டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து என் முன்னால் திறந்தார். ஏலம், கிராம்பு, சாதிக்காய், எதுவுமே வரவில்லை. மிளகு மட்டும் மெலிதாக, நனைந்த துணிக்குள்ளிருந்து வருவது போல. விஷயம் புரிந்ததும் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு அந்தத் திராட்சைத் தோட்ட மலைச்சரிவுகளைப் பற்றி, கொடிகளைச் சாய்க்கும் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. அந்தச் சரிவுகளில் நானும் நடப்பது போல அரைத்தூக்கத்தில் சாய்ந்திருந்தேன்.

வைன் இல்லாவிட்டாலும் வாசம் திரும்பியிருக்கும் என்றார் பிறகு போய்ப் பார்த்த வைத்தியர். இருக்கலாம். அடுத்த மாதம் ஏலம் வந்தது. கோப்பி வாசம் இன்னும் கருகிய ரப்பராகத்தான் இருக்கிறது. தம்பி வாரந்தோறும் அழைத்து, "இந்தக் கிழமை என்ன வந்துச்சுக்கா?" என்று கேட்பான்.

"குளிக்கிற சவுக்காரம்" என்றேன் நேற்று.