முடிக்கத் தெரியாத பாட்டு

புதுமடம் கரையில் என் குரலுக்கு எதிர்க்குரல் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைதான் என்றாலும் உண்மை. கரைவலை இழுக்கும்போது அம்பா சொல்பவன் நான். அம்பா என்றால் இழுப்புப் பாட்டு. ஒருவன் வரி எடுத்துக் கொடுக்க, கயிற்றில் நிற்கிற அத்தனை பேரும் ஐலசா போட்டு இழுப்பார்கள். நான் வரி எடுத்தால் வலை தானாக நடந்து வரும் என்று எங்கள் சம்மாட்டியே சொல்லியிருக்கிறார். வலைக்கும் வள்ளத்துக்கும் சொந்தக்காரர் அவர், எனக்கு மாமா முறை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதைவிடப் பெரிய பட்டம் என்ன இருக்கிறது?

அந்தப் பட்டத்தால்தான் மாட்டினேன். சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண வீட்டில் சம்மாட்டி என்னைப் பற்றி அளந்துவிட, அங்கிருந்த ரேடியோக்காரர் ஒருவர், ஆளைக் குரல் தேர்வுக்கு அனுப்புங்கள் என்று நாள் சொல்லிவிட்டார். சம்மாட்டி திரும்பி வந்ததும் பஞ்சாயத்துக் கொட்டகையில் பாட்டரியில் ஓடும் ரேடியோப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்தார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இனிமேல் என் குரல் கொழும்பு வரைக்கும் கேட்கும் என்று எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

தேர்வில் பாட்டு நாலைந்து நிமிஷத்துக்குள் முடிந்துவிட வேண்டுமாம். சம்மாட்டி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாடிப் பார்த்தபோதுதான் சங்கதி புரிந்தது. அம்பாவுக்கு முடிவு கிடையாது. வலையின் மடி, அதாவது மீன் சேர்கிற பை, கரையேறும்வரை பாட்டு போகும். மடி ஏறியதும் மீனைப் பார்த்துக் கூச்சல் போடுவோம். பாட்டு எந்த இடத்தில் நின்றது என்று எவனுக்கும் தெரியாது. ஒரு வரி அடுத்த வரியை இழுத்துக்கொண்டே வரும். சம்மாட்டி கையைத் தூக்குவார், என் வாய் நிற்காது.

"ஏலே, சோறு திங்கிறவன் கை கழுவ மாட்டானா? அது மாதிரி முடிலே."

"மடி வந்தாத்தானே மாமா முடிக்க?"

"இங்கன மடிக்கு எங்க போறது? நான் உருண்டு வந்து கரையேறட்டா?"

உட்கார்ந்து பாடுவதால்தான் சரிப்படவில்லை, கயிற்றில் நின்றே பழகிவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை. மறுநாள் வலை பாதித் தூரம் வந்திருந்தது, நல்ல கனம். ரேடியோவுக்குப் பாடுவதுபோல ஒரு வரியை நீட்டி, தாழ்த்தி, நிறுத்தினேன். அழகாகத்தான் நிறுத்தினேன். ஆனால் எங்கள் கரையில் அம்பா பாதியில் நின்றால் ஆள் கடலோடு போய்விட்டான் என்று அர்த்தம். அத்தனை பேரும் கயிற்றைப் போட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்து ஓடினார்கள். வலை தொய்ந்து, உள்ளே கிடந்த மீனெல்லாம் எங்கள் கண் முன்னாலேயே கடலுக்குள் போனது.

போனது யார் என்று கேட்டார்கள்.

"யாரும் போகல. பாட்டு முடிஞ்சிருச்சு" என்றேன்.

என் தங்கை புருஷன் நனைந்த கைலியோடு எதிரே வந்து நின்றான். "மச்சான், இனிமே நீ அம்பா சொல்ல வேணாம். மொதல்ல அந்தப் பெட்டிக்குள்ள பாடு. உன் குரல் அதுல வந்தா, அப்புறம் இந்தக் கயித்துக்கு வா."

அன்றிலிருந்து வேறு ஒருவன் வரி எடுத்தான். அவன் குரலுக்கு நண்டுகூட நகராது. நான் கயிற்றின் வாலில் நின்று ஐலசா போட்டேன். குரல் தேர்வுக்குப் போகவில்லை என்று சம்மாட்டியிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் ஏசவில்லை. ராமநாதபுரம் பூராவும் சொல்லியாயிற்று, கீழக்கரைச் சம்பந்தக்காரர்களிடமும் சொல்லியாயிற்று, இனி நீ பாடாவிட்டால் நான் வெளியே நடமாட முடியாது என்றார். உம்மா அதற்குள் புதுச் சட்டை தைத்து வைத்துவிட்டார். தெருவில் போனால் பிள்ளைகள்கூட, பாட்டு முடிஞ்சிருச்சா என்று கேட்டன. தென்னந்தோப்புக்குள் போய் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று பழகினேன். கையைத் தட்டி முடித்துப் பார்த்தேன், அல்லாஹ் பெயரைச் சொல்லி முடித்துப் பார்த்தேன். கடைசியில் ஓர் இருமல் போட்டால் முடிந்த மாதிரி இருக்கிறது என்று கண்டுபிடித்தேன்.

ரேடியோ நிலையத்து அறையில் சுவருக்கெல்லாம் துணி போர்த்தியிருந்தார்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பவே இல்லை. சிவப்பு விளக்கு அணைந்ததும் முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். வழக்கம்போலக் கண்ணை மூடினேன். என் ஆயுளிலேயே அதைவிட நன்றாகப் பாடியதில்லை. கண்ணைத் திறந்தபோது விளக்கு எப்போதோ அணைந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். குரல் பிரமாதம் என்றார் அதிகாரி. ஆனால் நிகழ்ச்சிக்கென்று ஒரு நேரம் இருக்கிறது, இது சரிப்படாது என்றார். பிரமாதம் என்றதை இன்றைக்கும் நம்புகிறேன்.

ரயிலில் திரும்பும்போது எங்கள் ஊருக்கு உச்சிப்புளியில் இறங்க வேண்டும். வண்டி வேகம் குறைந்ததும் எட்டிப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் புதுத் தொப்பியும் கையில் மாலையுமாகச் சம்மாட்டி. பக்கத்தில் வலைக்காரர்கள் மொத்தப் பேரும் வெள்ளைச் சட்டையில். ஜன்னல் பலகையை இறக்கிவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் என்னையே பார்த்தார். உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். வெளியே காலடிச் சத்தம் பெட்டி பெட்டியாக நகர்ந்து வந்தது. என் பலகையை யாரோ தட்டினார்கள்.

"அசந்து தூங்கியிருப்பான் மாமா. அடுத்த பெட்டில பாருங்க."

தங்கை புருஷனின் குரல். அதில் கோபமே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி ஊதிக் கிளம்பியது.

பாம்பனில் போய் இறங்கினேன். மீன் ஏலம் போடுகிற இடத்தில் கூடை தூக்கி, தரகு பார்த்து, யார் தயவும் இல்லாமல் ஐஸ் கம்பெனி வைத்து மூன்று விசைப்படகு விட்டது எல்லாம் அங்கேதான். புதுமடத்தில் கல்யாணம், மவுத்து என்று நல்லது கெட்டது வந்தால் சொந்தக் காரில் போய் இறங்குகிறேன். எழுந்து நின்று ஸலாம் சொல்கிறார்கள். ஆனால் வலை இழுக்கிற நேரமாக இருந்தால் கரைப் பக்கம் போக வேண்டாம், உள் ரோட்டிலேயே விடு என்று டிரைவரிடம் சொல்லிவிடுவேன்.