என் இடது காலும் அருளம்மா அக்காவும்

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து, மாதா கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே மைக்கில் ஃபாதர், "நம்ம அருளம்மா இன்னிக்கு விடிகாலையில ஆண்டவர்கிட்ட போயிட்டாங்க" என்றார். செருப்பை விட்டுவிட்டுத் திரும்பவும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

நம்ம கோயிலுக்கு வருகிற உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய வியாழனன்று, இயேசு தன் சீடர்களுக்குச் செய்த மாதிரி, ஃபாதர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவும்போது, செம்பும் துண்டுமாகக் கூடவே குனிந்து வருவாரே, அவர்தான். "ஒரு வருஷமாவது நீங்க நாற்காலியில உக்காருங்கக்கா" என்றால், "உக்காந்தாதான்டி முதுகு வலிக்குது" என்று சிரிப்பார்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். ஆனாலும் ஏழு பேரப்பிள்ளைகளும் காலேஜ் வரை போனவர்கள் என்ற பெருமை எனக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான். ஒரு வருஷம் அந்தப் பன்னிரண்டு பேரில் என் பெயரும் வந்தது. ஃபாதர் வலது காலை மட்டும்தான் கழுவுவார். அதனால் அந்தக் காலை மட்டும் பீர்க்கங்காய் நாரால் தேய்த்து, பேத்தியிடம் கொடுத்து நெயில் பாலிஷும் போட்டுக்கொண்டு போனேன். இடது காலில் சர்க்கரைப் புண். வீட்டில்கூடச் சொல்லவில்லை. துணியைச் சுற்றிப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

செம்பைப் பிடித்திருந்த அக்கா ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அந்தக் காலைக் காட்டு."

"எந்தக் கால்? எனக்கு ஒண்ணும் இல்ல. போய் உங்க வேலையப் பாருங்கக்கா."

"இதான்டி என் வேலை. எத்தனை புண்ணு பாத்த மூக்கு இது! காலையே எடுத்துட்டாங்கன்னா அப்புறம் எதுக்குடி பாலிஷ் போடுவ?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவர் தரையில் உட்கார்ந்து, காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். துணியை அவிழ்த்ததும் நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் திருப்பவில்லை. கழுவித் துடைத்து, அன்றைக்கே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போனார். பிறகு இரண்டு மாதம், டாக்டர் சொன்னபடி, தினமும் வந்து கட்டு மாற்றினார். கால் பிழைத்தது.

கோயிலில் ஒருவரிடமும் இதை அவர் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "சொன்னா புகழுவாங்க. அப்புறம் அதுக்காகவே வருவேன்" என்றார். அவர் சொல்லாததை இன்று நான் சொல்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் நடக்கிற இந்தக் கால் அவர் கொடுத்தது. பிறர் முன்னால் தரையில் உட்காரக் கூசாத மனசும் அவரிடமிருந்து வந்ததுதான். அது இப்போதுதான் வந்திருக்கிறது. அடக்கம் முடிந்த மறுநாள், கிரிவலப் பாதையிலிருக்கும் அடி அண்ணாமலையில் பூ விற்கிற பெண் ஒருத்தி கட்டுப்போட்ட காலைப் பலகைக்கு அடியில் இழுத்துக்கொள்வதைப் பார்த்தேன்.

"காட்டும்மா" என்றேன்.

"நீ என்ன டாக்டரா, ஆயா?"

"இல்லம்மா. கழுவத் தெரியும். அப்புறம் டாக்டர்கிட்ட போலாம்."

அவள் முறைத்தாள். நான் கீழே உட்கார்ந்தேன். கையிலிருந்த சரத்தைக் கட்டி முடித்துவிட்டுத்தான் அவள் காலை நீட்டினாள்.