ராமாமணி வாங்கிய பழைய ஈட்டி

கோவை பீளமேட்டில் ஒரு பம்புசெட் பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறவள் ராமாமணி. நாற்பத்து நான்கு வயது. பவானிப் பக்கம் பள்ளியில் படித்த காலத்தில் மாவட்டப் போட்டி வரைக்கும் போய் மூங்கில் ஈட்டி எறிந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான தடகளப் போட்டி ஒன்று நடக்கப் போவதை மகள் கனிஷ்கா ஃபோனில் காட்டியபோதும், "இந்த வயசுல எறிஞ்சா சனம் சிரிக்கும் கண்ணு" என்று சொல்லிவிட்டாள். ஆனால் மறுநாள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அம்மாவின் வலது கை தோளுக்குப் பின்னால் போய்ப் போய் வருவதைக் கனிஷ்கா பார்த்துவிட்டாள்.

புது ஈட்டி வாங்கினால் மாதச் சம்பளத்தில் பாதி போய்விடும். பழசு கிடைக்குமா என்று கனிஷ்கா தேடினாள். சரவணம்பட்டியில் ஒரு விளையாட்டுப் பயிற்சி மையத்தை மூடிவிட்டுச் சாமான்களை விற்கிறார்கள் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஸ்கூட்டரில் போனார்கள். தகரக் கொட்டகைக்குள் கிரிக்கெட் பேடுகளும் கிழிந்த வலைகளும் குவிந்து கிடந்தன. மொத்தமாக எடுத்து விற்கிற இளைஞனுக்கு எது எதற்கானது என்றே சரியாகத் தெரியவில்லை. மூலையில் சாய்த்திருந்த ஈட்டியில் பெயிண்ட் உதிர்ந்து, கைப்பிடிக் கயிறு நைந்திருந்தது. ராமாமணி அதைச் சிமென்ட் தரையில் உருட்டிவிட்டாள். எங்கும் எகிறாமல் நேராக உருண்டது. வளைவு இல்லை, அது போதும் என்று பேரம் பேசி, புது விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு வாங்கிவிட்டாள்.

திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து ஈட்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். சிக்னலில் நின்றபோது டீக்கடையில் இருந்த பெரியவர் ஒருவர் பயபக்தியோடு, "மருதமலை முருகன் கோயிலுக்குங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, ஊட்டுக்குத்தானுங்க" என்றாள் ராமாமணி. கனிஷ்காவுக்கு வீடு வரும் வரை சிரிப்பு அடங்கவில்லை. கணவர் ஈஸ்வரமூர்த்தி, இதை எங்கே வைப்பது என்று மட்டும் கேட்டார். இரண்டு அறை வீட்டில் அதை டிவிக்கு மேலே குறுக்காகத்தான் மாட்ட முடிந்தது.

காலை நேரத்தில் பொதுமக்களை உள்ளே விடுகிற ஒரு கல்லூரி மைதானத்தில் ராமாமணி எறியத் தொடங்கினாள். ஈட்டி போகவே மறுத்தது. கொஞ்ச தூரத்திலேயே வாலை அடித்துக்கொண்டு விழுந்தது. தோள்பட்டை வீங்கிப் பட்டறையில் கம்பியை இழுக்க முடியாமல் போனது. வயசாகிவிட்டது, வேறொன்றுமில்லை என்று அவள் முடிவு கட்டினாள். வாங்கின விலைக்கே விற்றுவிடலாம் என்று மகளிடமும் சொல்லிவிட்டாள்.

அதே வாரம் மைதானத்தில் அமீர் ஹம்சா என்பவர் அவளிடம் வந்தார். உக்கடத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். அவரும் அதே போட்டிக்காக எறிந்துகொண்டிருந்தார். தன் ஈட்டி விரிசல் விட்டுவிட்டது, உங்களுடையதை ஒருமுறை எறிந்து பார்க்கலாமா என்று கேட்டார். எறிந்தார். ராமாமணி கண்ணெதிரே அந்த ஈட்டி மிதந்து போய்த் தொலைவில் குத்தி நின்றது. எடுத்துக்கொண்டு வந்தவர் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இதையா இத்தனை நாளா எறிஞ்சிட்டிருந்தீங்க? இது ஆம்பளைங்க ஈட்டிங்க. எண்ணூறு கிராம் இருக்கும். லேடீஸுக்கு அறுநூறுதானுங்க."

ராமாமணிக்கு நம்பிக்கை வரவில்லை. பள்ளியில் மூங்கிலை யாரும் எடை போட்டுத் தந்ததில்லை. வழியில் மளிகைக்கடையில் நிறுத்தி எடை போடச் சொன்னாள். கடைக்காரர் தராசிலிருந்து வெங்காயத் தட்டை எடுத்துவிட்டு ஈட்டியைக் குறுக்கே வைத்தார். எண்ணூறுக்கு மேலேயே காட்டியது. விற்றவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. "அப்பக் கை நல்லாத்தான் இருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அமீர் ஹம்சாவின் மகள் இல்மா கல்லூரியில் படித்தபோது எறிந்த ஈட்டி அவர்கள் வீட்டுப் பரணில் இருந்தது. மகளுக்குச் சம்மதமென்றால் அதைக் கொடுத்துவிட்டு ராமாமணியின் ஈட்டியைத் தான் எடுத்துக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார். மறுநாள் இல்மாவே பழைய போர்வையில் சுற்றி அதைக் கொண்டுவந்தாள். இப்போது பள்ளி ஆசிரியை. வேலைக்குப் போன பிறகு ஈட்டியைத் தொடவே நேரமில்லை என்றாள்.

ராமாமணி ஓடிவந்து எறிந்தாள். கையை விட்டுப் போனதே தெரியாமல் அது உயர்ந்து, வெகுதூரம் போய் மண்ணில் குத்தியது. இல்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ராமாமணி போய் எடுத்து வந்து அவளிடம் நீட்டினாள்.

"நீங்க ஒண்ணு எறிஞ்சு பாருங்க அம்மணி."

கொஞ்சம் தயங்கிவிட்டு இல்மா கைக்கடிகாரத்தைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தாள்.

போட்டியில் ராமாமணி நான்காவதாக வந்தாள். ஒரு முழ வித்தியாசத்தில் பதக்கம் போய்விட்டது. கனிஷ்காவுக்குத்தான் முகம் வாடியது. அம்மாவோ மேசையில் பெயர் பதிந்துகொண்டிருந்தவரிடம் போய், அடுத்த போட்டி எப்போது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது வாரத்தில் பாதி நாள் இல்மாவும் மைதானத்துக்கு வருகிறாள். இருவருக்கும் அந்த ஒரே ஈட்டிதான். ஒருத்தி எறிந்ததும், பேசிக்கொண்டே இரண்டு பேருமாக நடந்து போய் அதை எடுத்துவருகிறார்கள்.