சித்தப்பாவின் தோள்

யாங்கோனில், லைங் தாயா போகும் பஸ்ஸில் யாரோ வலித்தைலம் தடவியிருந்தார்கள். அது எங்கள் சித்தப்பாவின் வாசம்.

பேஸ்பாலில் பந்து வீசுவதுதான் அவர் பிழைப்பு. தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், தைவான் என்று சீசனுக்கு ஓர் அணி மாறுவார். போட்டாதாங் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் குப்புறப் படுப்பார். அப்பா தோளில் தைலம் தேய்த்துவிடுவார்.

"ஒரு மேட்சாவது வந்து பாருங்கண்ணே."

"துறைமுகத்துல லீவு குடுக்கணுமேடா. அடுத்த தடவை வாறேன்."

கடைசியில் யாங்கோனிலேயே ஒரு போட்டி நடந்தது. அப்பா புது லோஞ்சி கட்டிக்கொண்டு வந்தார். அதற்குள் சித்தப்பாவுக்குக் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. ஆட்டம் முடியும்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

"உன்னை யூனிபார்ம்ல பாத்துட்டேன்ல, போதும்டா," என்றார் அப்பா. சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பஸ் நின்றது, நான் இறங்கினேன். அவர் பந்து வீசி எங்கள் வீட்டில் ஒருவரும் பார்த்ததே இல்லை.