வலிக்குது என்று வாய்விட்டுச் சொன்னேன்

எனக்கு எழுபத்து மூன்று வயது. நாலு பிள்ளைகள், தங்கை விட்டுப்போன ஒன்று, ஆக ஐந்து பேரை வளர்த்தேன். வலி என்று யாரிடமும் முனகியதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

போன ஐப்பசியில், பிள்ளைப்பாக்கத்தில் கம்பெனிப் பசங்கள் தங்கும் ஹாஸ்டலில் பாத்திரம் கழுவும்போது சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தேன். இடுப்பெலும்பு முறிந்தது. காலை அசைத்தால் உயிர் போனது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண், "ஆயா, வலி எவ்ளோ கீது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. கர்த்தர் சுகம் குடுத்துட்டாரு" என்றேன்.

எங்கள் ஜெபவீட்டில் அப்படித்தான். வலியை வாயால் அறிக்கையிட்டால் அது நிலைத்துவிடும் என்போம். நர்ஸ் நம்பி, வெறும் மாத்திரை கொடுத்தாள். இரண்டு நாள் புரண்டு படுக்கவில்லை. முதுகு புண்ணானது.

"அத்தே, போர்வையக் கடிச்சுக்கினு கீறீங்க. யாரை ஏமாத்தறீங்க?" என்றாள் மருமகள்.

"உன் வேலையப் பாருடி."

மூன்றாம் நாள் ஆபரேஷன். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட உட்கார வைத்தார்கள். வலியில் உட்கார முடியவில்லை. இதயம் பலவீனம், முழு மயக்கம் கொடுத்தால் ஆபத்து என்றார்கள். ஆபரேஷன் இல்லாவிட்டால் படுக்கையிலேயே சாவுதான்.

கண்ணை மூடினேன். ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கத்தான் நினைத்தேன். "வலிக்குதப்பா, தாங்க முடியல" என்று சத்தமாக வந்துவிட்டது.

மயக்க டாக்டரம்மா குனிந்தார். "இதை வந்தன்னிக்கே சொல்லக்கூடாதா, பாட்டிம்மா?"

ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தொடையிடுக்கில், நரம்புக்குப் பக்கத்தில், மரத்துப்போகும் மருந்தை ஊசியில் ஏற்றினார். அரைமணியில் வலி தாங்கும் அளவுக்கு இறங்கியது. உட்கார்ந்தேன். ஆபரேஷன் நடந்தது. மறுநாள் வலி திரும்பியது. சொன்னேன். மறுபடி போட்டார்கள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறேன்.

ஒன்றை மறைக்க மாட்டேன். எங்கள் ஜெபவீட்டில், புற்றுநோயில் கிடந்த லில்லி அக்கா வலிக்குது என்றபோது, "விசுவாசம் எங்கே போச்சு?" என்று நான் அதட்டினேன். பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை. வாய்மூடியே செத்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை.

வலியில் கிடக்கிறவர்களே, ஆண்டவரிடம் சொல்லுங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள். அது அவிசுவாசம் இல்லை. ஆண்டவர் கேட்பார், நான் சொன்னதைக் கேட்டார்.

எஸ்தர் கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதியதை ஜெபவீட்டில் எல்லாருக்கும் கேட்கப் படி. லில்லி அக்கா பேர் வருகிற இடத்தில் குரலை இறக்காதே.